சாப்பாடும் உண்டு, சந்தேகமும் உண்டு!

"ஆல்ஃபா கோர்ஸுக்கு வர்றியா மச்சி? டின்னரும் உண்டு!" - ஃப்ரெண்ட் கூப்பிட்டா உதறுது இல்ல? 'மதம் மாத்திடுவாங்களோ'னு ஒரு பயம், 'வரலைன்னா கோச்சுக்குவானோ'னு இன்னொரு பயம்!

மேட்டர் இதுதான். 1977-ல் லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் சர்ச்சில், புதுசா வந்த கிறிஸ்தவர்களுக்காக ஆரம்பிச்ச கோர்ஸ் இது. 1990-ல் நிக்கி கம்பெல் பொறுப்பேற்ற பிறகு, சர்ச் பக்கமே போகாதவங்களுக்கும்னு மாறுச்சு. சேர்ந்து சாப்பாடு, ஒரு பேச்சு, அப்புறம் சின்னச் சின்ன குரூப்பா விவாதம். எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்பதுதான் ரூல்!

கேள்வி கேட்குறது நம்ம தாம்பரத்துக்குப் புதுசா என்ன? 1938 டிசம்பரில் எம்.சி.சி. கேம்பஸில் சர்வதேச மிஷனரி மாநாடு நடந்துச்சு. அதே காலேஜின் பழைய மாணவர் சக்கரை, 1903-ல் ஞானஸ்நானம் எடுத்தவர். மேல்நாட்டு சர்ச் முறை இந்தியாவுக்கு எதுக்குன்னு, அந்த மாநாட்டை ஒட்டி நண்பர்களோடு புத்தகமே போட்டார். நம்பினவரே கேட்டிருக்கார், நீங்க கேட்கக் கூடாதா?

இஷ்டமிருந்தா போங்க, கேளுங்க. அவன் நம்பிக்கையைக் கலாய்க்காதீங்க. கேள்விக்கு முகம் சுளிச்சா கிளம்பிடுங்க. பிடிக்கலைன்னா, "வேணாம் மச்சி"னு நேராவே சொல்லுங்க. மறுநாளும் கேன்டீன்ல உங்ககூட டீ குடிச்சான்னா, அவன்தான் ஃப்ரெண்ட்!