வரம் கொடுத்த சாமியும் வழிமறிக்கும் பூசாரியும்

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் திகதி கொழும்புக்கு வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, இலங்கையர்களுக்கும் மின்னணுப் பயண அனுமதி வசதி வழங்கப்படும் என்று அறிவித்தார். அதற்கு அவர் குறித்த நாள் ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. அறிவித்த மறுநாளே யாழ்ப்பாணத்துக்கும் வந்துபோனார். தூதரக வாசலில் வெயிலில் காத்துநிற்கும் காலம் முடிந்தது என்று அன்று பலரும் மகிழ்ந்தனர். இதை எழுதுபவனும் மகிழ்ந்தவர்களில் ஒருவன்.

பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வரிசை ஒழிந்ததா? ஒழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. தூதரக வாசலில் நின்றவர்கள் இன்று முகவர் நிலையங்களின் வாசலிலும் சந்திக்குச் சந்தி முளைத்திருக்கும் தொலைத்தொடர்பு நிலையங்களின் வாசலிலும் நிற்கிறார்கள். கையில் கடவுச்சீட்டு, இரண்டு நிழற்படங்கள், மடித்துவைத்த காசு. "தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தாரும்" என்ற வேண்டுகோள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியை நியமித்தவர் யாருமில்லை. விண்ணப்பப் படிவமே அவரை உருவாக்கியிருக்கிறது.

படிவத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம். அதை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும்.  குடும்பப் பெயர் வேறு, இடப்பட்ட பெயர் வேறு என்று அது பிரித்துக் கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே என்பதுதான் நமது வழக்கம். கடவுச்சீட்டு எடுத்த நாளில் எந்த உத்தியோகத்தர் எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதினாரோ, அதுவே பலருக்குக் குடும்பப் பெயராக அமைந்துவிட்டது. அடுத்த கேள்வி, "எப்போதாவது உமது பெயரை மாற்றியதுண்டா?" என்பது. திருமணத்துக்கு முன் தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் பின் கணவன் பெயரின் முதலெழுத்தையும் சுமந்துவந்த யாழ்ப்பாணப் பெண் இதற்கு என்ன விடை எழுதுவாள்? ஆம் என்பதா, இல்லை என்பதா? சட்டம் படித்தவரே சற்று யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இன்னும் இருக்கிறது. உடலில் வெளியே தெரியும் அடையாளம் என்ன, மதம் என்ன, கல்வித் தகைமை என்ன, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாக்கிஸ்தான் பிரசைகளா, கடந்த பத்தாண்டுகளில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர், இந்தியாவில் உம்மை அறிந்தவர் யார், அவருடைய முகவரியும் தொலைபேசி இலக்கமும் என்ன? சிதம்பரத்துக்கு ஆனித் திருமஞ்சனம் பார்க்கப் போகும் மூதாட்டிக்கு அங்கே நடராசப் பெருமானைத் தவிர வேறு யாரைத் தெரியும்? முகவர் தமக்குத் தெரிந்த விடுதியொன்றின் பெயரை எழுதிவிடுகிறார். அடையாளக் கேள்விக்கும் அவரிடம் ஆயத்தமான விடை உண்டு. சில முகவர்களின் கையால் போனவர்களைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தவர் எல்லோருக்கும் முகத்தில் ஒரு மச்சம் இருப்பதாகவே இந்திய அரசு எண்ணிக்கொள்ளும்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயமாக இது இருந்திருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன்.

எனது மூத்த சகோதரிக்கு வயது அறுபத்தைந்தைக் கடந்துவிட்டது. கண்ணில் வந்த கோளாறுக்குச் சென்னையில் வைத்தியர் ஒருவர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அக்காவின் பிள்ளைகள் இருவரும் கனடாவில். நான் அப்போது ஊரில் இல்லை. அக்கா வழக்கம்போல ஒரு முகவரிடம் போனார். அரசுக் கட்டணத்தைவிடக் கூடிய தொகையைக் கூலியாகக் கொடுத்தார். அனுமதி வந்தது, தாளில் அச்சடித்தும் கொடுத்தார்கள். பலாலியில் விமானச் சீட்டைக் காட்டியபோதுதான் பிழை தெரிந்தது. பிறந்த திகதியில் நாளும் மாதமும் இடம்மாறியிருந்தன. கடவுச்சீட்டில் ஒன்று, அனுமதியில் வேறொன்று. ஏற்ற முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை, விதி அதுதான். முகவரிடம் கேட்டபோது, "நீங்கள் பார்த்துச் சரியென்று சொன்னபிறகுதானே அனுப்பினேன்" என்றாராம். அக்கா பார்த்தது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கத்தில் எதைப் பார்ப்பது?

இரண்டாவது முறை நானே விண்ணப்பித்தேன். சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது குறித்த நாள் போய் மூன்று வாரமாகிவிட்டது. வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, "ஏன் அம்மா இவ்வளவு தாமதம்?" என்பது. ஒரு கண்ணின் பார்வையில் கொஞ்சம் திரும்பவில்லை. அது தாமதத்தால்தானா என்று சொல்ல நான் வைத்தியன் அல்லன். அந்தக் கேள்விக்கு அக்கா விடை சொல்லாமல் இருந்ததைப் பக்கத்தில் அமர்ந்து கண்டவன்.

இந்த அமைப்பில் மூன்று கொடுமைகள் ஒருங்கே உள்ளன. முதலாவது, விண்ணப்பத்தின் முடிவில் "மேற்கூறிய யாவும் உண்மை" என்று உறுதிகூறுபவர் விண்ணப்பதாரி. தட்டெழுதியவர் யாராயினும் பொறுப்பு அவருடையதே. இரண்டாவது, அனுப்பியபின் திருத்த வழியில்லை. புதிதாக விண்ணப்பித்துப் புதிதாகப் பணம் கட்ட வேண்டும், முன்பு கட்டியது திரும்பாது. மூன்றாவது, பணத்தை இணையவழியில் வங்கி அட்டையால் கட்ட வேண்டும். ஓய்வூதியப் புத்தகம் மட்டும் வைத்திருக்கும் முதியவரிடம் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான அட்டை ஏது? ஆக, மொழி தெரிந்தவருக்கும் அட்டை இல்லையென்றால் முகவரே கதி.

போதாக்குறைக்குப் போலித் தளங்கள். தேடுபொறியில் இந்திய வீசா என்று தேடினால் அரசுச் சின்னத்தைப்போல ஒன்றைப் போட்டுக்கொண்டு பல தளங்கள் வந்து நிற்கின்றன. பன்மடங்கு பணம் வாங்கி, அதே அரசுத் தளத்தில் நமக்காக விண்ணப்பிப்பதே அவற்றின் தொழில். அரசுத் தளத்தின் முகவரி "டொட் கவ் டொட் இன்" என்று முடியும். இந்த ஒருவரிச் செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்? நமது பத்திரிகைகளில் முகவர்களின் விளம்பரத்துக்கு இருக்கும் இடம் இந்த ஒரு வரிக்கு இருந்ததில்லை. இக்குற்றச்சாட்டிலிருந்து என்னையும் நான் விலக்கிக்கொள்ளவில்லை.

இந்தியாவை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. நமது அரசும் 2012ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வெளிநாட்டவர்களுக்கு மின்னணுப் பயண அனுமதி வழங்கிவந்தது. ஒழுங்காக நடந்த அந்த ஏற்பாட்டை 2024 ஏப்ரலில் மாற்றி, வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் கொடுத்தார்கள். சேவைக் கட்டணம் என்றும் வசதிக் கட்டணம் என்றும் புதிய சுமைகள் ஏறின. கேள்விப்பத்திர நடைமுறை மீறப்பட்டது என்று சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர்நீதிமன்றம் சென்றனர். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்திப் பழைய முறைக்குத் திரும்பப் பணித்தது. அந்த உத்தரவு நிறைவேறாததால் செப்டெம்பரில் குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே விளக்கமறியலில் வைக்கப்பட்டார். பூசாரியை அரசே அழைத்துவந்து கருவறையில் அமர்த்திய கதை அது. வாசல் எந்தக் கரையில் இருந்தாலும் இடையில் நிற்பவனுக்குத்தான் இலாபம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் பாக்கு நீரிணையின் வழக்கு தனியானது. இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர், பேருந்தில் ஓர் இரவு. பலாலியிலிருந்து சென்னை ஒன்றரை மணி நேரம். 1914 முதல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. கொழும்புக் கோட்டையில் ஏறியவர் புகைவண்டியும் கப்பலுமாகச் சென்னை எழும்பூரில் இறங்கினார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலையும் போர் நிறுத்தியது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, பெருந்தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே 2023 ஒக்டோபரில் தொடங்கித் தடைப்பட்ட கப்பல், 2024 ஓகஸ்டில் மறுபடி புறப்பட்டது. விமானமும் கப்பலும் வந்துவிட்டன. ஏறப் போகிறவர் மட்டும் இன்னும் முகவர் நிலைய வாங்கில் அமர்ந்திருக்கிறார்.

இப்போது எனது வாதத்துக்கு வருகிறேன். தமிழ் இலங்கையின் அரசகரும மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அதைச் சொல்கிறது. தமிழ் இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி. 2004இல் அதைச் செம்மொழி என்றும் இந்திய அரசு அறிவித்தது. புறப்படும் இடத்தில் பேசப்படுவது தமிழ். இறங்கும் இடத்தில் பேசப்படுவதும் தமிழ். இரண்டு அரசுகளும் ஏற்றுக்கொண்ட அந்த மொழி, இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு படிவத்தில் மட்டும் ஏன் இல்லை?

விடைகள் சில சொல்லப்படுவதுண்டு. கடவுச்சீட்டில் உள்ளது ஆங்கில எழுத்து, டில்லியில் இருக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்பர். விடையை ஆங்கில எழுத்தில் எழுதுவதை யாரும் மறுக்கவில்லை. கேள்வியைத் தமிழில் கேளுங்கள் என்பதே கோரிக்கை. அமெரிக்கா 2009 முதல் கட்டாயமாக்கிய எஸ்டா அனுமதியில் இதுதான் நடைமுறை. கேள்விகளைப் பல மொழிகளில் படிக்கலாம், விடை மட்டும் ஆங்கிலத்தில். அமெரிக்காவால் அந்நியருக்குச் செய்ய முடிந்ததை இந்தியா தன் சொந்த மொழியொன்றுக்குச் செய்ய முடியாதா?

யாழ்ப்பாணம் படித்த சமூகம், பிள்ளைகள் நிரப்பிக் கொடுக்கலாமே என்பார் இன்னொருவர். படித்த பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அல்லவா இருக்கிறார்கள்! வீட்டில் இருப்பது படிப்பித்தவர்கள்.

முகவர்களும் உழைத்துத்தானே உண்கிறார்கள் என்போரும் உண்டு. உண்மை. கவனமாகவும் நியாயமான கூலிக்கும் செய்து கொடுப்பவர்களை நான் அறிவேன். உழைப்புக்குக் கூலி வாங்குவது குற்றமன்று. விருப்பத்தின்பேரில் முகவரிடம் போவது வேறு, வேறு வழியின்றிப் போவது வேறு. இரண்டாவது கூலியல்ல, வரி.

எனவே கேட்பவை இவை. கேள்விகளும் அறிவுறுத்தல்களும் தமிழிலும் இருக்கட்டும். பெயர், பிறந்த திகதி போன்ற தட்டெழுத்துப் பிழைகளை ஒரு தடவை கட்டணமின்றித் திருத்த இடம் தரப்படட்டும். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கிழமைக்கு ஒரு நாளாவது இப்படிவங்களை நிரப்ப உதவும் ஓர் உத்தியோகத்தர் அமரட்டும். அதற்கு டில்லியின் சம்மதம்கூடத் தேவையில்லை. இவற்றில் எதற்கும் பெருஞ்செலவில்லை, உடன்படிக்கை வேண்டியதில்லை, எவருடைய இறைமைக்கும் பங்கமில்லை. டில்லிக்குப் போகும்போதெல்லாம் அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசித் திரும்பும் நமது பாராளுமன்ற உறுப்பினர்கள், அடுத்த தடவை இந்த ஒரு தாளையும் கொண்டுபோகட்டும். பெரிய கோரிக்கைக்கு விடை வர எத்தனை காலமாகுமோ தெரியாது. சிறிய கோரிக்கைக்கு விடை வரச் சில மாதம் போதும்.

அக்கா அடுத்த பரிசோதனைக்கு மறுபடி சென்னை போக வேண்டும். "இந்த முறையும் நீதான் நிரப்ப வேணும்" என்று சொல்லியிருக்கிறார். நிரப்புவேன். தம்பி இல்லாத அக்காமார் இந்தக் குடாநாட்டில் எத்தனை பேர் என்பதே என் கவலை.