ஐந்து நிமிட வரவுக்கு இத்தனை செலவா?

காலை எட்டு மணிக்கு நம் கடைப் படியில் நின்று சாலையைப் பாருங்கள். வேலைக்குப் போவோர், பள்ளிப் பிள்ளைகள், மண்டியில் கொள்முதல் செய்த சரக்கை மொபெட்டில் கட்டிக்கொண்டு திரும்பும் நம் சக வணிகர்கள் என எல்லோருக்கும் அந்த ஒரே சாலைதான். அவர்களை உரசியபடி, ஏர் ஹாரனை அலறவிட்டு, ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்கின்றன பேருந்துகளும் லாரிகளும்.

2022-ம் ஆண்டில் தமிழகத்தில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். மாண்டவர்கள் 17,884 பேர். அவ்வாண்டு நாடு முழுவதும் சாலையில் உயிரிழந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் போனவர்கள்.

வணிகர்களாகிய நமக்குக் கணக்கு தெரியும். 20 கிலோ மீட்டர் தூரத்தை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 20 நிமிடம், 80 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம். வரவு ஐந்து நிமிடம். செலவு என்ன? மோதினால் விழும் அடியின் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரமும் அப்படியே கூடும். இப்படி ஒரு வியாபாரத்தை நம்மில் எவரேனும் செய்வோமா?

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்று மத்திய அரசு 2015-ல் விதி செய்தது. ஆனால் கருவி நிறுத்துவது 80 கி.மீ.யில். கடைவீதிக்கு அந்த வேகமே எமன்தான்.

பேருந்து முதலாளிகளையும் ஓட்டுநர்களையும் மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. விடியுமுன் லோடு வந்தாக வேண்டும், தாமதமானால் வாடகையில் பிடித்தம் என்று சொல்வது யார்? இரண்டாவது நடைக்கான வாடகையை மிச்சம் பிடிக்க அதிக பாரம் ஏற்றச் சொல்வது யார்? வேகவரம்பை மீறி ஓட்டியவரோடு, சம்பளம் கொடுத்து ஓட்டச் செய்தவரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவில் குற்றவாளியே. அதிக பாரத்துக்கு 2019-ம் ஆண்டுத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். கடை முகப்பில் மூட்டைகளை அடுக்கி, நடந்து போகிறவரைச் சாலைக்குத் தள்ளுவதும் நாம்தானே!

ஆகவே முதலில் நாம் திருந்துவோம். காலை, மாலை நெரிசல் நேரத்தில் லோடு இறக்க மாட்டோம். ஓட்டுநரை அவசரப்படுத்த மாட்டோம். சாலையோரத்தைக் காலி செய்வோம். அதன்பின் அதிகாரிகளிடம் உரிமையோடு கேட்போம்: கடைவீதிகளில் வேகவரம்பைக் குறைத்துப் பலகை வையுங்கள், நெரிசல் நேரத்தில் வேகச் சோதனை நடத்துங்கள், பேருந்துகள் வசூலுக்காகப் போட்டியிட்டு ஓடாதபடி நேர இடைவெளியைச் சீர் செய்யுங்கள்.

காலையில் நம் கடையில் பால் வாங்கிச் சென்றவர் மாலையில் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றுவோம்.