தேதி தள்ளிப்போகாது, ஃபீச்சர்தான் தள்ளிப்போகும்

ஐடி வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரிலீஸ் தேதியை முடிவு செய்வது சேல்ஸ் டீம், அதில் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் சேல்ஸ் டீம், ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஹாட்ஃபிக்ஸ் போடுவது மட்டும் நாம். தேதியும் மாறக்கூடாது, கஸ்டமருக்கு வாக்குக் கொடுத்த ஃபீச்சரும் குறையக்கூடாது என்றால், குறைப்பதற்கு மிச்சம் இருப்பது தரம் ஒன்றுதான். பத்து வருஷத்தில் மூன்று நாடுகளில் வேலை பார்த்துவிட்டேன். விசா மாறியது, சாப்பாடு மாறியது, இந்தக் கதை மட்டும் மாறவில்லை.

இதற்கு நேர்மாறாக வேலை செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்குப் பொதுவான முதலாளி கிடையாது, ஒரே ஆபீஸ் கிடையாது, ஒரே டைம் ஜோன்கூடக் கிடையாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எழுதுகிறவர்களைத்தான் சொல்கிறேன். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம் அது. 1996இல் இன்றைய பெயரோடு பொதுச் சொத்தாக நடை போட ஆரம்பித்தது. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் இதைத் தங்கள் கிளவுடில் வைத்து விற்கின்றன. ஆனால் உரிமையாளர் என்று ஒரு கம்பெனி இல்லை. ஏழு பேர் கொண்ட மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனி ஆட்கள் இருக்கக் கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

ஆனால் அவர்கள் ரிலீஸ் தேதிகளைப் பாருங்கள்: 2021 செப்டம்பர் 30, 2022 அக்டோபர் 13, 2023 செப்டம்பர் 14, 2024 செப்டம்பர் 26, 2025 செப்டம்பர் 25. அதட்டுவதற்கு ஒரு மேனேஜர்கூட இல்லாத இடத்தில் இது எப்படி முடிகிறது?

முன்பு இப்படி இல்லை. 8.3 வெளியீட்டுக்கு 2007 ஏப்ரலில் புது வசதிகளை நிறுத்தினார்கள். அது வெளியே வந்தது 2008 பிப்ரவரியில். வருஷம் முழுக்க எழுதியதை எல்லாரும் கடைசி நேரத்தில் கொண்டுவந்து கொட்டினால், படித்துப் பார்த்துச் சேர்க்க ஆள் எங்கே? அதன் பிறகுதான் 'கமிட்ஃபெஸ்ட்' என்ற ஏற்பாடு வந்தது. இப்போது ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று வருஷத்தில் ஐந்து மாதங்கள் இதற்கு. அந்த மாதங்களில் சொந்தக் கோடைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, அடுத்தவர் எழுதிய பேட்ச்சைப் படிக்க வேண்டும். ஒரு தன்னார்வலர் மேனேஜர் பொறுப்பை எடுத்துக்கொண்டு, எந்தப் பேட்ச் யாருக்காகக் காத்திருக்கிறது என்று கணக்குப் பார்ப்பார். நீ ஒரு பேட்ச் கொடுத்தால், அதே அளவு சிக்கலான இன்னொருவரின் பேட்ச்சை நீ படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மொய் மாதிரிதான், வாங்கினால் திருப்பி வைக்கணும்.

ஏப்ரல் 8 வாக்கில் கதவு மூடும். அதற்கான நேரத்தை உலகில் கடைசியாக நாள் முடிகிற டைம் ஜோனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். எந்த ஊர்க்காரரும் 'எங்களுக்கு நேரம் குறைவு' என்று சொல்ல முடியாது. அதன் பிறகு புது ஃபீச்சர் எதுவும் உள்ளே போகாது. மே மாத வாக்கில் பீட்டா வரும். ரிலீஸ் மேனேஜ்மென்ட் டீம் என்று பெரும்பாலும் மூன்று பேரை ஒவ்வொரு வருஷமும் அமர்த்துகிறார்கள். 2016இல் 9.6 வெளியீட்டோடு தொடங்கிய வழக்கம் இது. தீராத கோளாறுகளின் பட்டியல் அவர்கள் கையில். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பெயர் எதிரே இருக்கும், அந்தக் கோடை உள்ளே சேர்த்தவரின் பெயர். ரிலீஸுக்குள் சரிசெய், முடியாவிட்டால் எடுத்துவிடு. அவ்வளவுதான் பேச்சு.

நம் ஆபீஸ்களில் இல்லாத பழக்கம் அந்த 'எடுத்துவிடு' தான்.

2022இல் நடந்ததைச் சொல்கிறேன். 15ஆம் பதிப்பின் பெரிய ஈர்ப்பே ஜேசன் தரவைக் கையாளும் புது எஸ்.க்யூ.எல். வசதிகள்தான். பல வருஷ உழைப்பு. பீட்டா மூன்று முறை வெளியாகி, ஜனங்கள் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஆனால் தரவில் பிழை வந்தால் அதைப் பிடித்து, நாம் சொன்ன மாற்று மதிப்பைக் கொடுக்க வேண்டிய இடத்தில், உள்ளே செய்திருந்த விதம் பலருக்கு உறுத்தியது. செலவும் அதிகம், ஆபத்தும் இருக்கிறது என்றார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி, ரிலீஸுக்கு ஆறே வாரம் இருக்கும்போது, அத்தனையையும் வெளியே எடுத்துவிட்டார்கள். நம் ஊர் ஸ்டைலில் சொன்னால், பந்தி போட்டு இலையும் விரித்த பிறகு பாயசம் கிடையாது என்று சொன்ன மாதிரி.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பிழையை முரட்டுத்தனமாக வீசாமல் மெதுவாகத் தெரிவிக்கும் அடிப்படை ஏற்பாட்டையே 16ஆம் பதிப்பில் புதிதாகக் கட்டினார்கள். ஜேசன் வசதிகளில் ஒரு பகுதி 16இல் வந்தது, மிச்சத்தில் பெரும்பகுதி 17இல் வந்தது. இரண்டு வருஷத் தாமதம். அன்றைக்குக் கோபப்பட்டவர்கள் நிறைய பேர், அதில் நியாயமும் உண்டு. ஆனால் 2022இலேயே விட்டிருந்தால் அந்தப் பழைய கட்டுமானத்தைக் கட்டிக்கொண்டு ஐந்து வருஷம் அழ வேண்டியிருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் அவர்கள் ஐந்து வருஷம் ஆதரவு தருகிறார்களே!

2024இலும் இதே மாதிரி ஒன்று. ஒரே அறைக்கு ஒரே நேரத்தில் இரண்டு புக்கிங் விழாமல் டேட்டாபேஸே தடுக்கும் பிரைமரி கீ வசதி 17ஆம் பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஃப்ரீஸ் முடிந்த பிறகு ஒரு ஓட்டை தெரிந்தது. தொடக்கமும் முடிவும் இல்லாத வெற்றுக் கால இடைவெளி எதோடும் மோதாது. ஆகவே அதே கீயை இரண்டு தடவை நுழைத்துவிட முடியும். பிரைமரி கீ என்ற பெயருக்கே அர்த்தம் போய்விடும். நடைமுறையில் யார் அப்படித் தரவு போடுவார்கள் என்று கேட்கலாம். எங்கள் ஆபீஸாக இருந்தால் நிச்சயம் கேட்டிருப்பார்கள். அவர்கள் கேட்கவில்லை. மே மாதத்தில் வெளியே எடுத்தார்கள், 2025இல் 18ஆம் பதிப்பில் சரிசெய்து கொண்டுவந்தார்கள். மெர்ஜ் கட்டளை இன்னும் பொறுமையாக வந்தது. 2018இல் உள்ளே வைத்து அதே மாதம் எடுத்தார்கள், அது வெளியானது 2022இல்.

டேட்டாபேஸ் என்பது போன் ஆப் மாதிரி இல்லை, தவறினால் மூடித் திறந்து சரிசெய்ய. 2013இல் வந்த 9.3 பதிப்பில், வரிசைகளைப் பூட்டும் முறையில் பெரிய மாற்றம் செய்தார்கள். அதிலிருந்த பிழைகளில் சில தரவையே காவு வாங்கக்கூடியவை. திருத்தங்கள் 2015 வரைக்கும் வந்துகொண்டே இருந்தன. அந்தச் சூடு இன்னும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லி அவர்களைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. ஒரு கமிட்ஃபெஸ்டிலிருந்து அடுத்ததற்குத் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு வருஷக்கணக்கில் கிடக்கும் பேட்ச்கள் உண்டு. புதிதாக வருகிற பையன் ஆசையாக ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்து சலித்துப் போவான். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் கோட் அவசரமாக உள்ளே போவதும் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. சின்னத் திருத்த வெளியீடுகளிலும் சறுக்கல் உண்டு. 2024 நவம்பர் 14 அன்று வந்த 17.1 சில நீட்சி மென்பொருட்களோடு ஒத்துப்போகாமல், ஒரே வாரத்தில் 17.2 விட வேண்டியதாயிற்று.

இதில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான் என்பது என் கருத்து. எழுத ஆள் இருக்கிறது, படிக்க ஆள் இல்லை. கோடைக் கடைசியாக உள்ளே சேர்க்கும் அதிகாரம் உலகம் முழுக்கச் சுமார் 30 பேருக்குத்தான். அவர்கள் மேசைக்குப் போகும் முன் நாலு பேர் படித்து, ஓட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். கம்பெனிகள் ஃபீச்சர் எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கத் தயார், ஏனென்றால் 'இதை நாங்கள் செய்தோம்' என்று போஸ்டர் அடிக்கலாம். இன்னொருவர் எழுதியதைப் படித்து 'இது இன்னும் வேகவில்லை' என்று சொன்னவருக்கு என்ன போஸ்டர்? ஜேசன் கோடில் உறுத்தலைச் சொன்னவர்களும், வெற்று இடைவெளியைப் பிடித்தவர்களும்தான் நம் தரவைக் காப்பாற்றினார்கள். கம்பெனிகளின் அப்ரைசல் ஃபார்மில் அதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

இந்த இடத்தில் நம்மவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னை, சிங்கப்பூர், ஃபிராங்க்பர்ட், டொரோண்டோ என்று எங்கே போனாலும் போஸ்ட்கிரெஸை வைத்துச் சம்பாதிக்கும் தமிழ் இன்ஜினியர்கள் இருக்கிறோம். ஓப்பன் சோர்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு வருகிற யோசனை, ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ள ஒரு பேட்ச் எழுதுவது. தப்பில்லை. ஆனால் அங்கே பஞ்சம் அதற்கில்லை. ஒரு பேட்ச்சை இறக்கி, கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, ஆவணத்தில் எழுதியிருப்பது மாதிரியே நடக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கு சி மொழியில் புலியாக இருக்க வேண்டியதில்லை. தினமும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்குத் தெரியும், எந்த மாதிரித் தரவு அதைத் தடுக்கி விழவைக்கும் என்று. பழைய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடந்தால் அவர்களுடைய பில்ட் ஃபார்மில் சேர்த்துவிடலாம். புதிதாகச் சேரும் கோடை உலகெங்கும் விதவிதமான இயந்திரங்களில் தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு விலங்கின் பெயர் வைப்பார்கள், அது ஒரு தமாஷ்.

கவனித்துப் பார்ப்பதன் மதிப்புக்கு 2024 மார்ச் 29 ஒரு சாட்சி. போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் வேக அளவீடு ஒன்று செய்துகொண்டிருந்தபோது, சர்வரில் லாகின் ஆக அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். லினக்ஸ் உலகம் முழுக்கப் பரவவிருந்த எக்ஸ்.இசட். பின்கதவு அப்படித்தான் பிடிபட்டது. ஃபீச்சர் ஃப்ரீஸுக்கு அப்போது பத்து நாள்கூட இல்லை.

எங்கள் டீமில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். அடுத்த பீட்டா வந்ததும், அடையாளங்களை நீக்கிய எங்கள் தரவின் நகலை அதில் ஏற்றி, இரண்டு பேர் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, கிடைக்கிற கோளாறை எழுதி அனுப்ப வேண்டும். மேனேஜர் கேட்டார், "இதுல நமக்கென்ன லாபம்?" அடுத்த வருஷம் நாமும் அந்தப் பதிப்புக்குத்தானே மாறப் போகிறோம், கோளாறை இப்போதே சொன்னால் அவர்கள் சரிசெய்வார்கள், இல்லாவிட்டால் ராத்திரி 2 மணிக்கு நாம்தான் எழுந்திருக்கணும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.