தினமும் ஒரு சதவீதமும் ஒரு தேயிலைச் செடியும்

தினமும் ஒரே ஒரு சதவீதம் முன்னேறினா வருஷக் கடைசியில நீங்க 37 மடங்கு உசந்துடுவீங்களாம். 1.01-ஐ 365 தடவை பெருக்கிப் பாருங்க, 37.78 வரும். 2018-ல வந்த ஜேம்ஸ் கிளியரோட 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' புத்தகத்துல இருக்கற கணக்கு. அங்கேர்ந்து கிளம்பி வாட்ஸப் குரூப், ஆபீஸ் மீட்டிங், மாமாவோட குட்மார்னிங் மெசேஜ்னு எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்துடுச்சு.

பொட்டி தட்டறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த லூப்பைப் பாத்தாலும் கொஞ்சம் அதிகமா ஓட விட்டுப் பாப்பான். அதே கணக்கை பத்து வருஷத்துக்கு ஓட்டினேன். 59 கோடி கோடி மடங்கு வருது. அவ்ளோ நல்லவனை பூமி தாங்குமா சாமி? :-) முதல்ல, எதுல ஒரு சதவீதம்? எந்த ஸ்கேல வச்சு அளந்தாங்க? யூனிட் போடாம விடை எழுதினா எங்க காலேஜ்ல மார்க்கை வெட்டிடுவாங்க. இவங்களுக்கு புத்தகமா போட்டு வித்துக் கொடுக்கறாங்க.

இந்த '21 நாள்ல பழக்கம்' சமாச்சாரமும் அப்படித்தான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷனுக்கப்புறம் புது முகம் பழக நோயாளிகளுக்கு குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960-ல எழுதினார். அதுல 'குறைஞ்சது' எங்கயோ வழியில விழுந்துடுச்சு, முகமும் விழுந்துடுச்சு, 21 மட்டும் நம்மகிட்ட வந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு 96 பேரை வச்சு ஆராய்ச்சி பண்ணி 2009-ல வெளியிட்டாங்க. சராசரியா 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லேர்ந்து 254 வரைக்கும். அவங்க அளந்தது என்னன்னா மதியச் சாப்பாட்டோட தண்ணி குடிக்கறது மாதிரி ஒரு விஷயம் எத்தனை நாள்ல யோசிக்காமலே நடக்க ஆரம்பிக்குதுன்னு. தண்ணி குடிச்சவன் வாழ்க்கை மாறுச்சான்னு அவங்க கேக்கவே இல்லை. அதைக் கேக்காம பதில் மட்டும் சொல்றவங்க வேற ஆளுங்க.

எனக்கு ஏன் இவ்ளோ கடுப்புன்னா, காரணம் இருக்கு. என்கூடப் படிச்சவன் ஒருத்தன். அவன் டீமையே ஒரு மெயில்ல கலைச்சுட்டாங்க. அஞ்சு மாசமாச்சு. ஹேபிட் ஆப் போட்டிருக்கான். காலைல அஞ்சு மணி, குளிர்ந்த தண்ணில குளியல், டைரி, பத்து பக்கம் படிப்பு, எல்லாத்துக்கும் பச்சை டிக். போன வாரம் போன்ல கேக்கறான்: "ஏன்டா, நான் ரெண்டு வருஷம் முன்னாடியே இதெல்லாம் ஆரம்பிச்சிருந்தா எனக்கு இப்படி ஆகியிருக்காதுல்ல?" நாப்பது பேர் மொத்தமா போயிருக்காங்க. நாப்பது பேரும் லேட்டா எழுந்ததாலயா போனாங்க? ஆனா அவன் அப்படித்தான் நினைக்கறான். அவனை அப்படி நினைக்க வச்சதுதான் இந்த வியாபாரத்தோட சாமர்த்தியம். மாட்டிக்கிட்டு நிக்கறவன்கிட்ட போய், நீ மாட்டினதுக்குக் காரணம் உன் அலாரம்னு சொல்றது.

நான் இருக்கறது பெர்ன்ஹில். லவ்டேலுக்கும் ஊட்டிக்கும் நடுவுல. (மலை ரயிலுக்கு இங்க ஒரு ஸ்டேஷன் இருந்தது, இப்ப வண்டி நிக்காம போயிடும்.) இந்தப் பக்கம் சீக்கிரம் எழுந்திரிக்கறதை யாரும் சாதனையா சொல்லிக்கிட்டு நான் பாத்ததில்லை. விடியறதுக்கு முன்னாடியே கேரட் தோட்டத்துல வேலை ஆரம்பிச்சுடும். குளிர்ந்த தண்ணி பத்தி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவும் வேண்டாம், டிசம்பர்ல வந்து எங்க குழாயைத் திறந்து பாருங்க.

ஊட்டி இந்து நகர் பிலிம் பேக்டரியைக் கேள்விப்பட்டிருப்பீங்க, ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960-ல ஆரம்பிச்ச கம்பெனி, 1967-ல உற்பத்தி. வெளிச்சம் பட்டா பிலிம் வீணாயிடும்ங்கறதால கோட்டிங் வேலையெல்லாம் இருட்டு ரூம்ல. இருட்டுல கை தவறாம வருஷக்கணக்கா வேலை பாத்தவங்களை விட பழக்கம் முத்தினவங்க யாராவது உண்டா? 1996-லயே நலிவடைஞ்ச நிறுவனம்னு அறிவிச்சாச்சு, பின்னாடி டிஜிட்டல் வந்து பிலிமையே தேவையில்லாம பண்ணிடுச்சு, கடைசியில விருப்ப ஓய்வு கொடுத்து மூடினாங்க. ஏஐ காலத்துல பொட்டி தட்டற எனக்கு அந்தப் பக்கம் பஸ்ல போனா வயித்துல என்னமோ பண்ணும்.

சரி, தேயிலைக்கு வரேன். குன்னூர் பக்கம் இறங்கறப்போ பச்சைக் கம்பளம் மாதிரி இடுப்பு உயரத்துக்கு இருக்கே, அது புதர் இல்லை, மரம். சும்மா விட்டா 30 அடிக்கு மேல வளரக்கூடிய ஜாதி எல்லாம் உண்டு. அதை இடுப்போட நிறுத்தி வச்சிருக்கறது எது? தவறாத பழக்கம்தான். பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ரெண்டு இலை ஒரு மொட்டு கிள்ளிக்கிட்டே இருக்கணும். விடாம கிள்ளினா அது காலாகாலத்துக்கும் கொழுந்து கொடுக்கற செடியாவே இருக்கும். சின்னச் சின்ன தினசரி காரியங்களோட உண்மையான சக்தி இதுதான். இருக்கறதை இருக்கற இடத்துலயே அழகா வச்சிருக்கும்.

அந்தக் கொழுந்தைப் பறிக்கற சிறு விவசாயிகளும் ஒழுக்கத்துல குறைஞ்சவங்க இல்லை. ஆனா கிலோவுக்கு என்ன விலைங்கறது அவங்க எத்தனை மணிக்கு எழுந்தாங்கங்கறதைப் பொறுத்து வர்றதில்லை, ஏல மையத்துலேர்ந்தும் பேக்டரியிலேர்ந்தும் வருது. 2023 செப்டம்பர்ல படுகர் கிராமத்து விவசாயிகள் குறைந்தபட்ச விலையா கிலோவுக்கு 33 ரூபா 75 பைசா கேட்டு உண்ணாவிரதம் உக்காந்தாங்க. விலை வரலைன்னதும் அவங்க டைரி எழுதலை. ஊர் ஊரா சேர்ந்து வந்து உக்காந்தாங்க. எங்க மலையில தேங்கி நின்ன வாழ்க்கைக்கு ஆளுங்க என்ன செய்வாங்கன்னு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன்.

செடியே தேங்கிப் போயிட்டா என்ன பண்ணுவாங்க? கவாத்து. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கத்தியைப் போட்டு வெட்டிடுவாங்க. அப்புறம் சில மாசத்துக்கு வருமானம் கிடையாது. "அப்படிச் சொல்லு, வேலையைத் தூக்கிப் போட்டுட்டு கனவைத் துரத்து"ன்னு கிளம்பற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை, கொஞ்சம் உக்காருங்க. கவாத்துக்கு முன்னாடி தோட்டத்துல வேரை எடுத்து அயோடின் விட்டுப் பாக்கறது உண்டு. வேர்ல மாவுச்சத்து இருந்தா கருநீலமா மாறும். இல்லைன்னா வெட்ட மாட்டாங்க. சேமிப்பு இல்லாத செடியை வெட்டினா அது திரும்பத் தழைக்காம செத்தே போகலாம். இன்னொண்ணும் உண்டு. ஓரத்துல ரெண்டு மூணு கிளையை இலையோட விட்டுட்டு மிச்சத்தை வெட்டறது. 'ரிம்-லங்'னு பேரு, செடி மூச்சு விடறதுக்கு.

என் நண்பனோட காலை நடையும் டைரியும் அந்தக் கிளைதான். அதை நான் கிண்டல் பண்ணலை, நடக்கட்டும். அந்த ஆப்ல, அந்தப் புத்தகங்கள்ல, எங்கயாவது ஒரு இடத்துல "உன் கையில எத்தனை மாசத்துக்குக் காசு இருக்கு, வீட்டுல யார் யாரை நம்பி இருக்காங்க, உன்கூட வேலை போன மத்த 39 பேர்கிட்ட பேசினியா?"ன்னு ஒரு கேள்வி இருக்கா? அவன்கிட்ட நான் கேட்டேன். கார் லோன் போக ஏழு மாசம் தாங்கும்னான். 39 பேர்ல எத்தனை பேர்கிட்ட பேசினேன்னு கேட்டதுக்கு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஒருத்தர்கிட்டயும் பேசலைடா. வெக்கமா இருக்கு"ன்னான்.