தண்ணீர்க் கூட்டத்தில் முதலில் யார் பேசுவது?

துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு செத்தவீடு என்றால் ஊர் தானாகவே திரண்டுவிடும். சிரமதானம் என்றாலும் மண்வெட்டிக்குக் குறைவிருக்காது. இத்தனை ஒட்டுறவுள்ள ஊர்களிலும் சிறுபோகக் கூட்டம் என்றவுடன் முகங்கள் இறுகுகின்றன. காலபோகத்தில் மழை கைகொடுப்பதால் எல்லோரும் விதைக்கலாம். சிறுபோகமோ வவுனிக்குளத்திலும் மற்றக் குளங்களிலும் எஞ்சிய தண்ணீரை நம்பியது. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு, எப்போது வாய்க்காலைத் திறப்பது, எப்போது பூட்டுவது என்பதெல்லாம் அந்த ஒரு கூட்டத்தில்தான் முடிவாகின்றன. ஓர் ஊரின் நேர்மை சோதிக்கப்படுவது அங்கேதான் என்பது என் எண்ணம். இழவில் தோள்கொடுக்கும்போது நாம் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. தண்ணீரைப் பங்கிடும்போது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

அப்படி விட்டுக்கொடுக்க முடியும் என்பதற்குப் பெரிய சான்று நம் நாட்டிலேயே உண்டு. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் 1956இல் தமிழர் மீது நடந்த வன்முறை யாவரும் அறிந்தது. அதே திட்டத்தின் இடதுகரையில், 1980களின் தொடக்கத்தில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சியில் இறங்கின. தண்ணீர்ச் சண்டைக்குப் பேர்போன இடம் அது. 1981இன் தொடக்கத்தில் அத்திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தில் கால்பங்கு தண்ணீர்தான் இருந்தது. அங்கு அனுப்பப்பட்ட இளம் பட்டதாரிகள் சங்கம் அமைப்பதில் அவசரப்படவில்லை. வீடுவீடாகப் போய்க் குறை கேட்டார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களைச் சிறு குழுவாகக் கூடிப் பேசவைத்தார்கள். முதலில் வாய்க்கால் துப்புரவானது, பிறகு முறைவைத்துப் பாய்ச்சினார்கள், அதன் பின் மேலே இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்த தண்ணீர் கீழே தமிழ் விவசாயிகளின் வயல்களுக்கும் போனது. அந்த முயற்சியில் பங்கெடுத்த நோர்மன் அப்ஹொவ் 1992இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மண்வெட்டி நம்பிக்கையைத் தொடக்கிவைத்தது. அதை நிலைக்கவைத்தது, கடைசி வயற்காரனும் பேசக்கூடிய சிறிய கூட்டம்.

சட்டம் இருக்கிறதே, பேச்சு எதற்கு என்று கேட்கலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடம் தந்திருப்பது உண்மை. ஆனால் நடுச்சாமத்தில் வாய்க்கால் கட்டை வெட்டுகிறவனை எந்த உத்தியோகத்தரும் காவல் காக்கப்போவதில்லை. முடிவெடுக்கும்போது தன் குறை மரியாதையோடு கேட்கப்பட்டது என்று நினைப்பவன்தான் இருட்டிலும் அந்த முடிவை மதிப்பான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மரியாதையாகப் பேசு என்பது நம் ஊர்களில் பெரும்பாலும் வாயை மூடு என்பதற்கான நாகரிகமான சொல். வயது, சாதி, காணியின் அளவு, பதவி என்று மரியாதை மேல்நோக்கியே போகிறது. போர் முடிந்து 2009இன் இறுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியபின் தனியே வயல் பார்க்கும் பெண்களும், குத்தகைக்குச் செய்கிறவர்களும் பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டுப் போகும் கூட்டம் அமைதியாகத்தான் இருக்கும். அதை ஒற்றுமை என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவது எங்களுக்குக் கைவந்த கலை. ஆகவே நான் சொல்லும் மரியாதை குரலைத் தாழ்த்துவதில் இல்லை. கோபமாகச் சொல்லப்பட்ட குறைக்கும் பதில் சொல்லவேண்டியது தலைவரின் கடன். சொன்னவரின் வீட்டுக் கதையை இழுக்காமலிருப்பது சபையின் கடன்.

இதற்குப் புதுத் திட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. பிரதேச செயலாளர் முன்னிலையில் நடக்கும் பெரிய கூட்டத்துக்கு முன்பே வாய்க்கால்வாரியாகக் கூடலாம். பெரிய கூட்டத்தில் தலைவரின் உரைக்கு முன்னர் வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர்கள் பேசட்டும். அவர்கள் கேட்டதும், அதற்குக் கிடைத்த பதிலும், பதில் கிடைக்காத கேள்வியும் குறிப்பேட்டில் ஏறட்டும். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தை வாசிப்பதோடு தொடங்கட்டும்.