ஜாம்பிக்கு நடுவுல ஒரு பொடியன் வளர்றான், அவன வளர விடுங்கய்யா!

எங்க போனாலும் எவனாவது ஒருத்தன் இதையே சொல்றான்: "ஜாம்பி படத்துல சின்னப் பசங்கள வச்சாலே படம் காலி பாஸ். ஓடுன்னா நிக்கும், நில்லுன்னா ஓடும். அதக் காப்பாத்தப் போயி நாலு நல்ல ஆளு சாவான்." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அதனால இன்னிக்கு நேராவே சொல்லிடறேன் மக்களே. ஜாம்பிக் கதையில உருப்படியான பாத்திரமே அந்தப் பொடிசுதான். மத்தவங்கெல்லாம் ஓடுறதுக்கும் கடிபடுறதுக்கும் வந்த கூட்டம் :-)

ஏன்னு கேளுங்க. பெரியவங்களுக்கு உலகம் அழிஞ்சா அது இழப்பு. வீடு போச்சு, வேலை போச்சுன்னு பழச நினைச்சு அழலாம். ஏழெட்டு வயசுப் பயலுக்கு அழுறதுக்குக்கூட பழசுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. அவனுக்கு இதுதான் உலகம். கதவ சத்தமில்லாம சாத்தணும், ராத்திரி விளக்கு ஏத்தக் கூடாது, செத்தவங்க எந்திரிப்பாங்க. நாம அ, ஆ படிச்ச மாதிரி அவன் இதப் படிக்கிறான். இதெல்லாம் படிச்சவன் எப்பேர்ப்பட்ட மனுஷனா வருவான்? கதை அங்கதான் இருக்கு.

ராபர்ட் கிர்க்மேன் எழுதின 'தி வாக்கிங் டெட்' காமிக்ஸ் 2003-ல ஆரம்பிச்சு, 2019-ல 193-வது இதழோட முடிஞ்சுது. ஆரம்பத்துல கார்ல் ஒரு வாண்டு. கடைசி இதழ்ல அவன் ஒரு பொம்பளப் புள்ளைக்கு அப்பன். அதுக்குள்ள ஊரு அமைதியாயிடுச்சு. ஜாம்பிய அடைச்சு வச்சு ஊர் ஊரா வேடிக்கை காட்டிக் காசு பாக்குறாங்க. தன் வீட்டுப் பக்கம் வந்த ஜாம்பிய கார்ல் வெட்டிப் போட, அடுத்தவன் சொத்த அழிச்சிட்டான்னு அவன் மேலயே வழக்கு! பயந்து வளர்ந்தவனுக்கும், பயமே தெரியாம வளர்ந்தவனுக்கும் நடுவுல நடக்குற சண்டை அது. பதினாறு வருஷம் ஒரு பையன வளர்த்ததாலதான் இப்படி ஒரு முடிவு கிடைச்சுது.

டிவிக்காரங்க என்ன பண்ணாங்க? 2010-லேர்ந்து சாண்ட்லர் ரிக்ஸ்னு ஒரு பையன் கார்லா நடிச்சு நம்ம கண்ணு முன்னாடியே வளர்ந்தான். 2018-ல எட்டாவது சீசன்ல அந்தக் கார்லக் கடி வாங்க வச்சுக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறமும் தொடர் 2022 வரைக்கும் ஓடுச்சு. ஓடுச்சு, அவ்வளவுதான். அந்த உலகம் யாருக்காக மிஞ்சணுமோ அவனே போயிட்டான்.

சரி, நம்மூருக்கு வருவோம். 2016-ல சக்தி சௌந்தர் ராஜன் 'மிருதன்' எடுத்தார். தமிழ்ல ஜாம்பிப் படம் எடுக்கத் துணிஞ்சதுக்கு அவருக்கு ஒரு சலாம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா ஜெயம் ரவியோட தங்கச்சியா வர்ற அந்தப் பொண்ணு, அனிகா, அதுக்குக் கதையில என்ன வேலை? அண்ணன் பதறணும், அதுக்கு ஒரு தங்கச்சி வேணும். முடிஞ்சுது. அந்தப் பொண்ணு என்ன நினைக்குது, என்ன கத்துக்குதுன்னு யாரும் கேக்கல.

அதே 2016-ல கொரியாவுல 'ட்ரெயின் டு பூசான்' வந்துச்சு. அதுலயும் ஒரு சின்னப் பொண்ணுதான். கிழவிக்கு எந்திரிச்சு எடம் விடுது. இந்த நேரத்துல அவனவன் தன்னைப் பாத்துக்கணும்னு அப்பன் சொன்னா, அதுக்குப் பிடிக்கல. கடைசியில அது பாடுற பாட்டுதான் உசுரக் காப்பாத்துது. அப்பனையே மாத்திடுது அந்தப் புள்ள. ஒரு ரயில் பூசான் போற நேரத்துக்குள்ள அவங்களால ஒரு புள்ளைய வளர்க்க முடியுது. நம்மளால ஒரு முழுப் படத்துலயும் முடியல.

"தமிழ் ஆடியன்ஸ் ஏத்துக்க மாட்டான்"னு ஜல்லி அடிக்காதீங்க. 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) போரப் பாத்தது யார் கண்ணு வழியா? 'காக்கா முட்டை' (2015) யார தூக்கி நிறுத்துச்சு? ரெண்டு பொடிப் பசங்கள. ஏத்துக்கிட்டோமா இல்லையா?

அழிஞ்ச உலகத்துல வளர்றதுன்னா என்னன்னு எங்க மீன்சுருட்டிப் பக்கத்துப் பசங்களக் கேளுங்க. பக்கத்துலயே கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டின தலைநகர், சுமார் 250 வருஷம் ஆண்ட ஊரு. அரண்மனை இருந்த மாளிகைமேட்டுல இன்னிக்கு மிஞ்சினது செங்கல் அஸ்திவாரம். 1836-ல கொள்ளிடத்துல அணைக்கரை கட்டுறப்ப, கோயில் மதில் கல்லப் பேத்து எடுத்துட்டுப் போனாங்க. ஒரு பேரரசோட மிச்சத்து மேல ஆடு மேய்ச்சு, கிரிக்கெட் ஆடி வளர்ந்த புள்ளைங்க நாங்க. எங்கள்ல எவனும் போன ராஜ்ஜியத்த நினைச்சு அழுததில்ல. அழிவுங்கறது அதுல பொறந்து வளர்ற புள்ளைக்கு சாதா நாள். அத எடுத்துப் பாருங்க, எந்த ஜாம்பியும் தராத திகில் அதுல இருக்கு.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? 2020 மார்ச்சுல மூடின தொடக்கப் பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்துச்சு. எங்க தெருவுல ஒரு வாண்டு, ஒண்ணாங் கிளாஸ் வாசலையே மிதிக்காம நேரா ரெண்டாங் கிளாசுக்குப் போச்சு. முதல் நாள் போயிட்டு வந்து அவங்க அம்மாகிட்ட, "டீச்சருக்கு வாய் இருக்கும்மா, டிபன் சாப்பிடறப்ப பாத்தேன்"னு சொல்லுச்சாம். தெருவே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. மனுஷ மூஞ்சின்னா பாதிதான்னு நினைச்சு வளர்ந்திருக்கு. இதைவிட ஒரு ஜாம்பிக் கதைக்கு என்னய்யா வேணும்?

அந்தப் புள்ளைங்கள்லாம் இப்ப வளர்ந்துக்கிட்டு இருக்குங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல டிக்கெட் வாங்கிப் படம் பாக்க வரப் போறதும் அதுங்கதான். அப்பவும் ஹீரோ இடுப்புல தூக்கிட்டு ஓடுற மூட்டையாவே புள்ளைங்களக் காட்டினீங்கன்னா, அதுங்க எந்திரிச்சுப் போயிடும். அதுங்களுக்கு உலகம் நின்னுபோனா எப்படி இருக்கும்னு உங்கள விட நல்லாத் தெரியும்.

இயக்குநர் அய்யாமாருங்களே, அடுத்த தடவை ஜாம்பிய அவுத்து விடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிட்டு ஷூட்டிங் போங்க: பத்து வருஷம் கழிச்சு அந்தப் புள்ள என்னவா இருக்கும்?

பதில் இல்லன்னா உங்ககிட்ட கதை இல்ல. மேக்கப் மட்டும்தான் இருக்கு.