தோட்டத்தில் ஒரு மூலை

மடத்துத் தோட்டத்தின் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் விட்டுவிடும்படி புனித பிரான்சிஸ் அசிசியார் தம் சகோதரர்களைப் பணித்தார். காட்டுப் பூக்களும் அங்கே மலர்ந்து இறைவனைப் புகழட்டும் என்பது அவர் எண்ணம். 1979-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார்.

நாம் செய்வதென்ன? கறிவேப்பிலையில் புழுவைக் கண்டதும் மருந்து தெளிக்கிறோம். அப்புழுதானே நாளைய வண்ணத்துப்பூச்சி! புழு பூச்சிகள் இல்லையேல் சிட்டுக்குருவி தன் குஞ்சுக்கு எதை ஊட்டும்? தேனீ வராவிட்டால் பூசணி எப்படிக் காய்க்கும்? ஓர் உயிரை அழித்தால், அதை நம்பிய உயிர்களும் அழியும்.

சில இலைகள் ஓட்டையானால் குழம்பின் மணம் குறைந்துவிடாது. ஆகவே பள்ளியிலும் வீட்டிலும் தோட்டத்தின் ஒரு மூலையை மருந்தடிக்காமல் விட்டுவைப்போம். எருக்கும் தும்பையும் அங்கே வளரட்டும். இறைவன் படைத்த சிற்றுயிர்களும் வாழட்டும்!